ஊமைக்காயமா, சேங்கொட்டைக் காயமா? புதிதாக டூட்டிக்கு வருபவர்களுக்கு

செட்டிநாட்டுப் பக்கத்து அரசு மருத்துவமனை ஒன்றில் முதல்முறையாக இரவு டூட்டி பார்க்க வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நெஞ்சுவலிக்கும் பாம்புக்கடிக்கும் பைக் விபத்துக்கும் கல்லூரியிலேயே உங்களைத் தயார்படுத்தியிருப்பார்கள். வரப்புத் தகராறு முடிந்து, இரண்டு தரப்பும் ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார்ந்து "ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போடுங்க டாக்டர்" என்று கேட்கும் இரவுக்கு மட்டும் யாரும் தயாராகி வருவதில்லை.

ஒவ்வொரு காயத்தையும் பார்த்து, அளந்து, விபத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தக் காயங்களில் எப்போதாவது ஒன்று அடியால் வந்ததாக இருக்காது. ஏதோ ஒரு செடியின் சாறு பட்டுத் தோல் வெந்து கறுத்திருக்கும். அடிபட்டு ரத்தம் கட்டிய ஊமைக்காயத்தைக் கன்றல் என்பதால், சட்ட மருத்துவத்தில் இதைச் செயற்கைக் கன்றல் என்கிறோம். நம் ஊர்க்காரர்கள் சேங்கொட்டைக் காயம், எருக்கம்பால் புண் என்று பச்சையாகவே சொல்லிவிடுவார்கள். இதை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. கண்ட பிறகு எப்படி நடந்துகொள்வது என்பதுதான் கஷ்டம். அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள்? பெரும்பாலும் எதிர்க் கேஸுக்காக. ஒரு தரப்புக்கு மண்டை உடைந்திருக்கும். மறு தரப்புக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 115ஆவது பிரிவில், வேண்டுமென்றே ஒருவருக்கு வலியோ காயமோ உண்டாக்கினால் ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கையில் ஒரு கறுப்புத் திட்டு இருந்தால் நமக்கும் ஒரு கேஸ் ஆகும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். வேலைக்குப் போகாமலிருக்கத் தனக்குத்தானே செய்துகொள்பவர்கள் உண்டு. மனம் நொந்து தன் தோலையே வருத்திக்கொள்பவர்களும் உண்டு. அவர்களுக்குத் தேவை மனநல மருத்துவர், போலீஸ் இல்லை. அப்புறம், இது எதுவுமே இல்லாமல் வைத்தியம் என்று நம்பித் தடவிக்கொண்டு வருபவர்கள். அவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் நிஜக் கன்றலைப் படியுங்கள்

பொய்யைக் கண்டுபிடிக்கும் வழி நிஜத்தை நூறு தடவை பார்ப்பதுதான். அதற்கு நம் ஊரில் பஞ்சமில்லை. தை 3ஆம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டு. மாடு முட்டித் தள்ளியவர்கள், கூட்டத்தில் மிதிபட்டவர்கள் எல்லாம் மறுநாளும் அதற்கடுத்த நாளும் புறநோயாளிப் பிரிவுக்கு வருவார்கள். அவர்களுக்குப் பொய் சொல்ல எந்தக் காரணமும் கிடையாது. அடிபட்ட நேரமும் தெளிவாகத் தெரியும். அந்த வாரம் டூட்டி கிடைத்தால் விடாதீர்கள். ஒவ்வொருவரின் கன்றலையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்.

அடிபட்டால் தோலுக்கு அடியில் சின்ன ரத்தக் குழாய்கள் அறுந்து ரத்தம் கசிகிறது. தோல் கிழியாது, அதனால்தான் அது ஊமைக்காயம். கசிந்த ரத்தம் முதலில் சிவப்பாகத் தெரியும். சில மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரை நீலம் அல்லது கருநீலம். நான்காம் நாள் வாக்கில் பழுப்பு ஏறும். ஐந்து, ஆறாம் நாளில் பச்சை. ஏழிலிருந்து பன்னிரண்டு நாளுக்குள் மஞ்சள். சுமார் இரண்டு வாரத்தில் தோல் பழையபடி ஆகிவிடும். ஹீமோகுளோபின் படிப்படியாகச் சிதைவதால் வரும் நிறங்கள் இவை. மாற்றம் ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி நகரும்.

இந்தக் கணக்கைக் கடிகாரம் போல நம்பிவிடக் கூடாது. வயது, உடம்பில் அடிபட்ட இடம், ஆழம் எல்லாமே அதை மாற்றும். உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: மஞ்சள் தெரிந்தால் அடிபட்டு 18 மணி நேரமாவது ஆகியிருக்கும். "இப்பத்தான் ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி அடிச்சாங்க" என்று மஞ்சள் கன்றலைக் காட்டினால், அது பொய்க் காயம் இல்லை, பழைய காயம். இரண்டும் வேறு.

இன்னும் இரண்டு விஷயம். ஆழத்தில் பட்ட அடி வெளியே தெரிய ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகலாம். அதோடு, கசிந்த ரத்தம் கீழே இறங்கும். நெற்றியில் அடிபட்டவருக்கு மறுநாள் கண்ணைச் சுற்றிக் கறுத்திருக்கும். கண்ணில் யாரும் குத்தியிருக்க மாட்டார்கள்.

கம்பால் அடித்த அடியைத் தனியாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உருண்டைக் கம்பு படும் இடத்தில் நடுப்பகுதி அமுங்கி ரத்தம் இரண்டு பக்கமும் தள்ளப்படும். அதனால் தண்டவாளம் போல இரண்டு இணைகோடுகள், நடுவே வெளுப்பு. செடிச் சாற்றால் இந்த வடிவம் தானாக வராது.

மூன்று செடிகள்

சேங்கொட்டைதான் முதலிடம். சேராங்கொட்டை என்றும் சொல்வார்கள். நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும். புளியங்கொட்டையை விடச் சற்றுப் பெரிதாக, இதய வடிவில், பளபளவென்று கறுத்திருக்கும். ஓட்டுக்குள் எண்ணெய் போல ஒரு சாறு. வெளியே வரும்போது பழுப்பு, காற்றுப் பட்டதும் கறுப்பு. துவைத்தாலும் போகாது என்பதால்தான் சலவைத் தொழிலாளிகள் ஊசியால் தொட்டுத் துணியில் குறி வைத்தார்கள். பெரிய வீடுகளின் வேட்டி சேலை எல்லாம் ஒரே வெள்ளாவியில் வெந்தாலும் எந்த உருப்படி எந்த வீட்டுக்கு என்று அந்தப் புள்ளிதான் சொல்லும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த வெளிநாட்டுச் சிப்பாய்களுக்கு, சலவைக்குறி பட்ட இடத்தில் தோல் புண்ணானது. சட்டைக் காலரில் குறி, பிடரியில் புண்.

சேங்கொட்டையும் முந்திரியும் மாவும் ஒரே குடும்பம். மாங்காய்ப்பால் பட்டுப் பிள்ளைகளுக்கு உதட்டோரம் புண்ணாவதை எல்லோரும் பார்த்திருப்போம். முந்திரிக் கொட்டையைச் சுடும்போது தெறிக்கும் எண்ணெயும் இதே வேலையைச் செய்யும். சேங்கொட்டைச் சாறு இவற்றைவிடக் கடுமையானது.

அடுத்தது எருக்கு. கண்மாய்க் கரை, பொட்டல், ரயில்வே ஓரம் என்று எங்கே பார்த்தாலும் நிற்கும். இலையைக் கிள்ளினால் வெள்ளைப் பால். தோலில் பட்டால் சிவந்து கொப்புளம் கட்டும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மூன்றாவது கொடிவேலி. சித்திரமூலம் என்று மருந்துக் கடையில் கேட்டால் தெரியும். வெள்ளைப்பூ, சிவப்புப்பூ என இரண்டு வகை. வேரில்தான் காரம். அதிலுள்ள பிளம்பாஜின் என்ற பொருள் தோலை வெதுப்பும்.

சாறு பட்டதுமே கறை தெரியலாம். அழற்சியும் கொப்புளமும் சில மணி நேரத்திலிருந்து ஒன்றிரண்டு நாளுக்குள் வரும். ஆளுக்கு ஆள் இது மாறும். முன்பே ஒவ்வாமை உள்ளவருக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும்.

பக்கத்தில் போய்ப் பாருங்கள்

டியூப்லைட்டில் நின்றபடி ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதாதீர்கள். நம் மக்களின் தோல் நிறத்தில் நீலமும் பழுப்பும் எளிதில் குழம்பும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். முடிந்தால் விடிந்ததும் ஜன்னல் ஓரம் உட்காரவைத்து இன்னொரு தடவை பாருங்கள்.

முதல் வேலை, ஸ்பிரிட் பஞ்சால் மெதுவாகத் துடைப்பது. மை, சாயம் ஏறிய புதுச் சட்டை, கிரீஸ் என்று எத்தனையோ கறைகள் அதிலேயே போய்விடும். பஞ்சில் பழுப்பு ஏறினால் அதைத் தூக்கிப் போடாதீர்கள், அது தடயம்.

பிறகு ஓரத்தைப் பாருங்கள். நிஜக் கன்றலின் ஓரம் மங்கலாகத் தோலோடு கலந்துவிடும், விரலால் காட்டச் சொன்னால் எங்கே முடிகிறது என்று தடுமாறுவீர்கள். சாற்றுக் காயத்தின் ஓரம் கோணல்மாணலாக இருந்தாலும் தெளிவாக இருக்கும், பேனாவால் சுற்றி வரையலாம். நிறம் கரும்பழுப்பு. நடுவிலோ ஓரத்திலோ குட்டிக் கொப்புளங்கள், சுற்றி அழற்சிச் சிவப்பு. கொப்புளத்துக்குள் இருப்பது நீர், ரத்தம் இல்லை. சில சமயம் சாறு வழிந்த கோடு கீழ்நோக்கி இறங்கியிருக்கும். முழங்கையை மடக்கினால் எதிர்ப் பக்கத்திலும் அதே வடிவம் ஒட்டியிருக்கும். எந்தக் கம்பும் அப்படி அடிக்காது.

கண்ணாடி ஸ்லைடு ஒன்றை வைத்து அழுத்துங்கள். தோலுக்கடியில் கசிந்த ரத்தம் அழுத்தினாலும் வெளுக்காது. அழற்சியால் வந்த சிவப்பு வெளுக்கும். கறுத்த தோலில் இந்தச் சோதனை அவ்வளவு தெளிவாகத் தெரியாது. இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

அடுத்து ஒரு சாதாரணக் கேள்வி: "வலிக்குதா, அரிக்குதா?" கன்றல் வலிக்கும். சாறு பட்ட இடம் அரிக்கும், எரியும். பலரும் பதில் சொல்வதற்கு முன்பே சொறியத் தொடங்கிவிடுவார்கள். அந்தக் கையைப் பிடித்து விரல்நுனிகளைப் பாருங்கள். நகக்கண்ணில் கறுப்பு, விரலில் சின்னக் கொப்புளம். சொறிந்த விரல் தொட்ட கழுத்திலோ தொடையிலோ இன்னும் இரண்டு புதுப் புள்ளிகள். என் அனுபவத்தில் இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

இடத்தையும் கவனியுங்கள். தானே செய்துகொண்டது தன் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கும். முன்கை, மேற்கையின் வெளிப்பக்கம், தொடையின் முன்பக்கம். வலக்கைப் பழக்கம் உள்ளவருக்குப் பெரும்பாலும் இடப்பக்கம். முதுகின் நடுவில் இருந்தால் இன்னொருவர் கை வேண்டும். ஆனால் இன்னொருவர் உதவியிருக்கவும் வாய்ப்புண்டு, மறந்துவிடாதீர்கள். சட்டையின் உள்பக்கத்தையும் பாருங்கள், பழுப்புக் கறை இருக்கலாம்.

கேட்க வேண்டியதைக் கேளுங்கள்

இங்கேதான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். கொப்புளத்தையும் கறுப்பையும் பார்த்தவுடன் "ஏமாற்று வேலை" என்று மனத்துக்குள் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். செட்டிநாட்டில் எருக்கும் சேங்கொட்டையும் வைத்தியப் பொருள்கள். காலில் கருவேலமுள் ஒடிந்து உள்ளே நின்றால் எருக்கம்பால் வைப்பார்கள். குதிகால் வலிக்குச் செங்கல்லைச் சுட வைத்து, மேலே எருக்கிலை போட்டுக் காலை வைப்பார்கள். பித்தவெடிப்புக்குச் சேங்கொட்டை எண்ணெய். சித்த வைத்தியத்தில் சேராங்கொட்டையை முறைப்படி சுத்தி செய்து, அதாவது நச்சை நீக்கித்தான் மருந்தாக்குவார்கள். யாரோ சொன்னதைக் கேட்டு வீட்டிலேயே உடைத்துத் தடவினால் தோல் வெந்துபோகும்.

ஒரு ஆச்சி முழங்காலெல்லாம் கறுத்து வந்திருந்தார். மருமகள் தள்ளிவிட்டாளோ என்று கூட வந்தவர்கள் கிசுகிசுத்தார்கள். "ஆச்சி, எப்ப விழுந்தீக?" என்றேன். "நான் எங்கய்யா விழுந்தேன்? மூட்டுவலிக்குச் சேங்கொட்டை தடவுனேன், அது பொத்துப்போச்சு" என்றார். இரண்டு வரியில் முடிந்தது. கேட்காமல் விட்டிருந்தால் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் பதறுகிறது.

எனவே "என்னென்ன தடவினீர்கள், எப்போது, யார் சொல்லி?" என்று கேளுங்கள். தனியாக வைத்துக் கேளுங்கள், கூட வந்தவர் முன்னால் வேண்டாம். குற்றம் சாட்டும் குரலில் கேட்டால் உண்மை வராது.

கன்றல் போலவே தோன்றும் வேறு சிலவும் உண்டு. கைக்குழந்தையின் முதுகுக்கடியிலும் பிட்டத்திலும் இருக்கும் நீலத் திட்டு பிறவியிலேயே வந்தது. வாரக்கணக்கில் அப்படியே இருக்கும், நிறம் மாறாது, தொட்டால் அழாது. அதைப் பார்த்துத் தாயைச் சந்தேகித்துவிடாதீர்கள். சில மாத்திரைகள் ஒத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வட்டமாகக் கறுப்பு விழும். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கறுத்த கோடுகள் வரும். மழைக்காலத்தில் விளக்குக்கு வரும் ஒருவகைச் சின்ன வண்டை நசுக்கினால் நீளக் கோடாகப் புண்ணாகும். கிண்ணம் கவிழ்த்துத் தோலை உறிஞ்ச வைக்கும் கப்பிங் வைத்தியம் செய்துகொண்டவர்கள் முதுகில் வட்டவட்டமாக இருக்கும். அதில் இருப்பது நிஜ ரத்தக் கசிவுதான், அடி மட்டும் கிடையாது. இன்னொரு பக்கம், ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், டெங்குவில் தட்டணு (பிளேட்லெட்) குறைந்தவர்கள், வயதானவர்கள் ஆகியோருக்கு லேசாகத் தொட்டாலே கன்றும். ரத்தப் பரிசோதனை செய்யாமல் அவர்களை அடித்ததாகவோ அடிக்கவில்லை என்றோ எழுதக் கூடாது.

சிகிச்சை, தடயம், எழுத்து

உயிருக்கு ஆபத்து இல்லை என்றால் வரிசை இப்படி இருக்கட்டும்: சம்மதம் வாங்குங்கள், படம் வரைந்து அளவெடுங்கள், தடயம் எடுங்கள், அப்புறம் கழுவுங்கள். கழுவிவிட்டால் தடயம் போய்விடும். ஆனால் தடயத்துக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடவும் கூடாது, எல்லாம் பத்து நிமிட வேலை. கண்ணில் எருக்கம்பால் பட்டிருந்தால் மட்டும் எதற்கும் காத்திருக்காமல் உடனே தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருங்கள், கண் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

தோலைத் துடைத்த பஞ்சு, கொப்புள நீர், நகம், கறை படிந்த துணி ஆகியவற்றைத் தனித்தனியாக எடுத்து வையுங்கள். ஈரத் துணியை நிழலில் உலர்த்திக் காகித உறையில் போடுங்கள், பிளாஸ்டிக் கவரில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். முத்திரை வைத்துப் போலீஸிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால், அவர்கள் வழியாகத் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும். சேங்கொட்டைச் சாற்றை ஆல்கஹாலில் கரைத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் பளிச்சென்று பச்சை நிறம் வரும். கொடிவேலியின் பிளம்பாஜின் காரத்தில் சிவக்கும்.

கழுவுவதற்குச் சோப்பும் ஏராளமான தண்ணீரும் போதும். குளிர்ந்த ஒத்தடம், அரிப்புக்கு மாத்திரை, தேவைப்பட்டால் ஸ்டீராய்டு களிம்பு. கொப்புளத்தை உடைக்காதீர்கள், நீர் எடுக்க ஒன்றே ஒன்று போதும். சேங்கொட்டையைச் சாப்பிட்டிருந்தாலோ, நிறையத் தடவியிருந்தாலோ சிறுநீர் நன்றாகப் போகிறதா என்று கேளுங்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு.

இனி பதிவேடு. இரண்டு அங்க அடையாளம், நேரம், அழைத்து வந்தவர், அவர் சொன்ன சம்பவம் அவர் சொன்னபடி. காயத்தை எழுதும்போது கண்ணில் பட்டதை மட்டும் எழுதுங்கள்: "இடது முன்கையின் வெளிப்பக்கம், 5க்கு 3 செ.மீ., கரும்பழுப்பு, ஓரம் தெளிவு, 4 கொப்புளங்கள், சுற்றிலும் சிவப்பு, அரிப்பு உள்ளது, வலது சுட்டுவிரல் நுனியில் ஒரு கொப்புளம்." கருத்து என்ற இடத்தில், "எரிச்சலூட்டும் பொருள் பட்டதால் வந்திருக்கக்கூடும், ஆய்வக முடிவுக்காக நிறுத்தி வைக்கப்படுகிறது" என்று போதும். "பொய்க் காயம்", "நாடகம்" என்றெல்லாம் எழுதாதீர்கள். யார் தடவியது, எதற்காகத் தடவியது என்று நமக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பது விசாரணை அதிகாரியின் வேலை. வாயாலும் சொல்லாதீர்கள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மறு தரப்பு காதைத் தீட்டிக்கொண்டிருக்கும், விடிவதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும்.

ஒரு காயம் செயற்கை என்று தெரிந்தால் தேடலை அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். தலைமுடிக்குள், காதுக்குப் பின்னால், முதுகு, பிட்டம், உள்ளங்கால் வரை பாருங்கள். பெண்களைப் பெண் ஊழியர் ஒருவர் உடன் இருக்கும்போது பாருங்கள்.

நான் புதிதாக வந்த வருடம் ஒரு இரவு, நாற்பது வயதுப் பெண் ஒருவரை அவர் அண்ணன் அழைத்து வந்தார். கணவன் கட்டையால் அடித்தான் என்று புகார். இடது கையில் கறுப்புத் திட்டு, ஓரம் வெட்டியது போலத் தெளிவு, நான்கைந்து கொப்புளம், விரலில் ஒன்று. பாடப்புத்தகத்தில் வரும் படம் மாதிரியே இருந்தது. கூட நின்ற ஊழியர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நானும் பேனாவை எடுத்துவிட்டேன். அந்தப் பெண் பெஞ்சில் ஒரு பக்கமாகவே சாய்ந்து உட்கார்ந்திருந்ததை நர்ஸம்மாதான் கவனித்தார். "ஏத்தா, அந்தப் பக்கம் உக்கார முடியலையா?" என்று கேட்டார். பதில் இல்லை. திரைக்குப் பின்னால் அழைத்துப் போய்ப் பார்த்தோம். வலது இடுப்பின் வெளிப்பக்கம் வீங்கியிருந்தது, நிறம் எதுவும் இல்லை. தொட்டதும் துடித்துப்போனார்.

வீக்கத்தையும் வலியையும் தனியாக எழுதினேன், எக்ஸ்ரே எடுத்தேன், எலும்பு முறியவில்லை. மூன்றாம் நாள் திரும்பி வரச் சொன்னேன். வந்தார், இந்த முறை அண்ணன் இல்லாமல். கைத் திட்டில் பொருக்குத் தட்டியிருந்தது. இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு நீலமாகக் கன்றல் மேலே ஏறி வந்திருந்தது. "இடுப்பைக் காட்ட வெக்கமா இருந்துச்சு. கையில ஏதாச்சும் இருந்தாத்தான் டாக்டர் எழுதுவாகன்னு அண்ணன்தான் தடவி விட்டுச்சு" என்றார். அன்றைய தேதி போட்டு, இடுப்புக் கன்றலின் அளவையும் நிறத்தையும் பதிவேட்டில் ஒரு வரியாக எழுதினேன். கையில் தடவியது பற்றி அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே அதற்குக் கீழே இன்னொரு வரியாக எழுதினேன்.